காரணம் கேட்காத சதுரம்

அன்பு மகனுக்கு,

“வாப்பா, இந்த டீச்சர்ட மூணாம் பாடம் அஞ்சு நாளும் வெறுமையாக் கெடக்கு. ஏன் ஒண்டும் போடல்ல?” என்று நீ ஒருமுறை என்னிடம் கேட்டாய். உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. பன்னிரண்டு வருடங்களுக்கு முந்திய டிசம்பர் விடுமுறை அது. நீ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாய். நான் பாடசாலையில் பிரதி அதிபர். அடுத்த வருடத்து நேரசூசியைப் போடும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்திருந்தது. வீட்டு முன்னறைச் சுவரில் நான்கு பிரிஸ்டல் போர்டுகளைச் சேர்த்து ஒட்டி, ஆசிரியருக்கு ஒரு வரிசை, பாடவேளைக்கு ஒரு சதுரம் என்று கோடு போட்டு, நிற அட்டைகளைக் குண்டூசியால் குத்தி, பிடுங்கி, திரும்பவும் குத்தி, மூன்று கிழமையாக அந்தச் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த அறையைக் கூட்டுவதற்கு உன் உம்மா என்னிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. “இத நான் கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிஷத்துல போட்டுத் தாறன் வாப்பா” என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்து விபரங்களை அடித்துக்கொண்டு வந்தாய். விஞ்ஞான ஆசிரியையின் வரிசைக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்தினாய். அப்போதுதான் அந்தக் கேள்வி. “அது சும்மா மகன். நீ மத்ததப் பாத்து அடி” என்றேன்.

அது சும்மா அல்ல. அந்த ஆசிரியை பிரசவ விடுமுறை முடிந்து திரும்பி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பால் கொடுப்பதற்கென்று சட்டப்படி கிடைக்கும் சலுகைக் காலமும் முடிந்துவிட்டது. குழந்தையோ புட்டிப்பாலை வாயில் வைக்காது. ஒவ்வொரு நாளும் காலையில் மூன்றாம் பாட நேரத்துக்கு அவருடைய உம்மா குழந்தையை ஆட்டோவில் கொண்டுவந்து, பாடசாலை வாசல் படலைக்கு எதிரே வேப்பமர நிழலில் காத்திருப்பார். குழந்தை அழும் சத்தம் மேல்மாடி வராந்தா வரைக்கும் கேட்கும். ஆசிரியைக்கு அந்த நேரத்தில் வகுப்பு. இதை நான் இரண்டு மூன்று நாட்கள் கவனித்தேன். பிறகு சத்தமில்லாமல் அவருடைய மூன்றாம் பாடவேளைகளை வேறு இடங்களுக்கு மாற்றி, சுவரிலும் அந்தச் சதுரங்களை வெறுமையாகவே விட்டேன். அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஊரில் ஓர் ஆண் ஆசிரியரும் ஒரு பெண் ஆசிரியையும் இந்த விடயத்தை வாய்விட்டுக் கதைக்கமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அவரிடமே கதைக்க வெட்கப்பட்ட நான், பத்தொன்பது வயது மகனிடம் எப்படிச் சொல்வது? “சும்மா” என்று சொல்லித் தப்பிவிட்டேன். இதை எழுதுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்டேன். இப்போது வேறொரு பாடசாலையில் இருக்கிறார். சிரித்துக்கொண்டு, “எழுதுங்க சேர். அந்தப் புள்ள இப்ப என்னவிட உசரம்” என்றார்.

உன் மென்பொருள் சொன்னபடியே ஐந்து நிமிடத்தில் நேரசூசியைப் போட்டது. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் வரவில்லை. ஜும்ஆத் தொழுகைக்காக வெள்ளிக்கிழமை நேரத்தோடு மணி அடிப்பதையும் அது கவனித்திருந்தது. நான் ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துப் பார்த்தேன். எண்ணிக்கையில் ஒரு பிழையும் இல்லை. அன்றே சுவரிலிருந்த அட்டைகளையெல்லாம் பிடுங்கி ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டுவிட்டேன். உன் உம்மா முதல் வேலையாக அறையைக் கூட்டினாள். அந்த ஐந்து வெறுஞ் சதுரங்கள் எங்கே போயின என்று நான் பார்க்கவில்லை. கணக்குச் சரியாக இருந்தால் விடையும் சரி என்று நினைக்கும் கணித ஆசிரியன் நான். அங்கேதான் எனக்குப் பிசகியது.

ஜனவரியில் பாடசாலை தொடங்கி இரண்டாம் கிழமை, ஆசிரியர் அறையில் ஒரு பிரளயமே நடந்தது. தேகப்பியாச ஆசிரியர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். “சேர், உங்கட மகன்ட கம்ப்யூட்டருக்குப் பசிக்கிறல்லயா? இன்டவல் முடிஞ்ச கையோட எனக்கு ஓட்டம் போட்டிரிக்கி. புள்ளையள் திண்ட ரோல்ஸெல்லாம் மைதானத்துல திரும்பி வருது.” மௌலவி ஆசிரியர் விட்டாரா? “எனக்கு மேல்மாடி, கீழ்மாடி, மேல்மாடி. ஊஞ்சல்ல வெச்சிரிக்காப்போல இரிக்கி சேர்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, “அது சின்னப் புள்ள செஞ்சது. பிழை இரிக்கும்தானே” என்றேன். மகன், உண்மையில் அது உன் பிழை அல்ல. உனக்கு நான் கொடுக்காத விபரத்தை உன் மென்பொருள் எப்படி அறியும்? ஆனால் அந்த அறையில் அத்தனை பேர் முன்னிலையில் பிழைக்கு உன் பெயரைச் சொல்வது எனக்கு இலகுவாக இருந்தது. அதுதான் என் முதலாவது பிழை. விஞ்ஞான ஆசிரியை மூலையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. முறையிடவுமில்லை.

சில நாட்கள் கழித்து அவர் ஓர் இடமாற்ற விண்ணப்பத்தைக் கொண்டுவந்தார். பாடசாலையில் என்னிடம் தரவில்லை. பின்னேரம் நம் வீட்டுக்கு வந்து, குசினியில் உன் உம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். காரணம் என்ற பெட்டிக்குள் ‘சொந்தக் காரணம்’ என்று மட்டும் எழுதியிருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. “சொந்தக் காரணமெண்டா என்ன? இப்பிடி எழுதினா நான் எப்பிடிச் சிபாரிசு பண்ற?” என்று சத்தம் போட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த உன் உம்மா தலையை நிமிர்த்தவேயில்லை. “புள்ளைக்குப் பால் குடுக்க நேரமில்லாமப் பண்ணிப்போட்டு, காரணத்த வேற எழுதித் தரணுமாக்கும் உங்களுக்கு” என்றாள். நீ தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றாய். “அந்த அஞ்சு சதுரமும் இதுக்குத்தானா வாப்பா?” என்று கேட்டாய். “ஓம்” என்றேன். “அப்ப ஏன் சும்மா எண்டு சொன்னீங்க?” நீ அந்த விண்ணப்பத்தை என் கையிலிருந்து வாங்கி, காரணப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் உன்னை எத்தனையோ தடவை புத்தகத்தோடு பார்த்திருக்கிறேன். எதையும் நீ அவ்வளவு கவனமாக வாசித்து நான் கண்டதில்லை.

அடுத்த நாள் காலையிலேயே அவருடைய ஐந்து பாடவேளைகளையும் நான் கையால் மாற்றிக் கொடுத்துவிட்டேன். எனக்கு அத்தோடு விடயம் முடிந்தது. உனக்கு அது முடியவில்லை. எட்டு ஒன்பது நாட்கள் நீ அதோடுதான் இருந்தாய். பிறகு பாடசாலை நூலகத்தில் ஒரு மேசையில் உன் கம்ப்யூட்டரை வைத்து, ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வந்து தனியே உட்கார வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டாய். உட்கார்ந்தால் அவருடைய பெயரும் அவருடைய கிழமையும் சதுரங்களாகத் தெரியும். நாளுக்கு ஒன்று வீதம் தனக்கு வேண்டிய சதுரத்தை அவர் மவுஸால் அமத்தலாம். அமத்திய இடத்தில் உன் மென்பொருள் பாடம் போடாது. அவ்வளவுதான். எனக்கு நீ காட்டியபோது நான் தேடினேன். “காரணம் எழுத இடம் எங்க?” “இல்ல வாப்பா.” “இல்லாட்டி எல்லாரும் கடைசிப் பாடத்தத்தான் அமத்துவாங்க. பாடசாலையில நானும் காவலாளியும்தான் மிஞ்சுவம்.” நீ சிரித்தாய். பிறகு சொன்னாய்: “காரணம் கேட்டா, உண்மையாக் காரணம் உள்ள ஆள்தான் அமத்தாம எழும்பிப் போவாங்க வாப்பா.”

அந்தப் பதிலை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்து நான்கு வருடங்கள் நான் எத்தனையோ படிவங்களை நிரப்பியிருக்கிறேன், மற்றவர்களையும் நிரப்ப வைத்திருக்கிறேன். காரணம் என்ற பெட்டி இல்லாத படிவம் ஒன்று இருக்க முடியும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நீ அத்தோடும் நிற்கவில்லை. அமத்திய சதுரம் முதலில் சிவப்பாக மாறியது. “சிவப்புப் போட்டா பிழை செஞ்ச மாதிரி இரிக்கி” என்று சொல்லி, வாழைக்குருத்தின் பச்சைக்கு மாற்றினாய். சதுரத்தின் கீழே வரும் ஒரு வசனத்துக்கு மூன்று நாட்கள் எடுத்தாய். முதலில் ‘பதிவு செய்யப்பட்டது’. பிறகு ‘உங்கள் விருப்பம் கவனத்தில் எடுக்கப்படும்’. “ஒரு வசனத்துக்கு மூணு நாளா? அதுக்குள்ள நான் ஒரு பரீட்சத்தாளே போட்டிருவன்” என்று நான் பகிடி பண்ணினேன். “இது கந்தோர்லருந்து கடிதம் வந்த மாதிரி இரிக்கி வாப்பா” என்று நீ அதையும் அழித்தாய். கடைசியில் ‘இந்த நேரம் உங்களுடையது’ என்று எழுதினாய்.

நான் பயந்தது நடக்கவில்லை. ஆசிரியர்களில் பாதிப்பேருக்கு மேல் ஒரு சதுரத்தையும் தொடாமலே எழும்பிவிட்டார்கள். தேகப்பியாச ஆசிரியர் இடைவேளைக்குப் பிந்திய சதுரங்களை அமத்திவிட்டு, “கம்ப்யூட்டருக்கு இப்ப கொஞ்சம் பசி விளங்குது” என்று சொல்லிக்கொண்டு போனார். விஞ்ஞான ஆசிரியை உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டார். அந்த இடமாற்ற விண்ணப்பத்தைப் பிறகு உன் உம்மாவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். நான் சொல்லாத ஒன்று இன்னும் இருக்கிறது. கடைசி ஆளாக நானும் உட்கார்ந்து ஒரு சதுரத்தை அமத்தினேன். திங்கட்கிழமை, ஆறாம் பாடவேளை. ஏன் என்று அப்போதும் ஒருவருக்கும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. காரணம் எழுதும் பெட்டி ஒன்று இருந்திருந்தால் நான் அதை அமத்தியிருக்கவே மாட்டேன். நீ செய்தது எவ்வளவு பெரிய வேலை என்பது அந்தப் பச்சையைப் பார்த்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை உன்னிடம் சொல்லவில்லை. அதுதான் என் இரண்டாவது பிழை.

மூன்றாவது பிழையை நீயும் உன் கண்ணால் கண்டாய். ஆறு வருடங்களுக்கு முன் என் பிரியாவிடை விழா. நீ கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து, மண்டபத்தின் பின்பக்கம் வட்டிலப்பத் தட்டுகளை அடுக்க உதவிக்கொண்டிருந்தாய். அதிபர் பேசும்போது, “நம்மட சேர் நேரசூசி போட்ட காலத்துல ஒரு ஆளும் முகம் சுழிச்சதில்ல” என்று புகழ்ந்தார். நான் ஒலிவாங்கியைப் பிடித்து, “அது நான் செஞ்சதில்ல. கம்ப்யூட்டர் போட்டது” என்றேன். சபை சிரித்துக் கைதட்டியது. பணிவாகப் பேசியதாக நினைத்துக்கொண்டு நான் போய் உட்கார்ந்தேன். நீ தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாய். பிழை வந்தபோது உன் பெயரைச் சொன்னேன். பாராட்டு வந்தபோது கம்ப்யூட்டரின் பெயரைச் சொன்னேன். நான் உன்னைப் பெற்றவன் மட்டுமல்ல, உனக்குக் கணிதமும் படிப்பித்தவன். இந்தக் கணக்கு எவ்வளவு அநியாயம் என்று எனக்கு ஆறு வருடங்களாகத் தெரியாமல் போயிற்று.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நீ போன் பண்ணினாய். கிளினிக்குக்கு வரும் நோயாளிகள் போனிலேயே நம்பர் எடுக்கும் ஒரு மென்பொருளை நீங்கள் செய்கிறீர்கள் என்றாய். “இப்ப நான் சொல்ல, ப்ரோக்ராம ஏஐயே எழுதுது வாப்பா. நான் பாத்து ஓம் எண்டு சொல்ற ஆள். ஒரு கிழம தாங்க, திரைட படத்த திருப்பிக் கீறணும் எண்டு ஆபிஸ்ல கேட்டன். அதுதான் எழுதி முடிச்சிட்டே, நீ என்ன கீறப் போறாய் எண்டாங்க. எனக்கும் பதில் தெரியல்ல.” உன் ராத்தாவின் மாப்பிள்ளை, உன் மச்சான், தன் ஹார்ட்வெயார் கடையைப் பார்க்க உன்னைக் கூப்பிடுகிறார், மாத முடிவுக்குள் அவருக்கு முடிவு சொல்ல வேண்டும், இந்த வேலையை விட்டுவிட்டு வரலாம் என்றிருக்கிறாய் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னாய்: “இனி என்ன வாப்பா, எல்லாம் கம்ப்யூட்டர் போட்டதுதானே.” நான் உம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அந்த வசனம் என்னுடையது, மகன். அதை உனக்கு முதலில் படிப்பித்தவன் நான்தான். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் ஊர்ச் சஞ்சிகைக்குக் கொடுப்பதும் அதனால்தான். ஒரு சபையில் சொன்ன பொய்யைச் சபையில்தான் திருத்த வேண்டும். அந்த நேரசூசியைக் கம்ப்யூட்டர் போடவில்லை. என் மகன் போட்டான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். எழுதுவதை இயந்திரம் எழுதிவிட்டால் உனக்கு என்ன மிச்சம்? மென்பொருளில் கலை என்றால் நிறமும் படமும் என்றுதான் நானும் நீண்ட காலம் நினைத்திருந்தேன். வேலை முடிந்தபின் மேலே பூசுகிற ஒன்று என்று. நம் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ செய்யும் இடத்தை நினைத்துப் பார். புதிதாகக் கட்டியபோது குழாய்களெல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி, அளந்து வைத்த வரிசை. பார்க்க அழகுதான். ஆனால் கடைசிக் குழாய் மட்டும் ஒரு சாண் விலகி இருக்கும். அதற்கு முன்னால் அகலமான ஒரு சீமெந்துக் கட்டையும், கைத்தடியைச் சாய்த்துவைக்கச் சுவரில் ஒரு சின்னப் பள்ளமும் இருக்கும். கட்டைக்கும் பள்ளத்துக்கும் பிளானில் கோடு இருந்திருக்காது. யாரோ ஒரு மேசன், முழங்கால் மடியாத ஒருவர் காலைக் கழுவுவதற்குப் படும் பாட்டை நின்று பார்த்திருக்கிறார். நான் இப்போது அந்தக் கட்டையில்தான் உட்காருகிறேன். அதைக் கட்டியவரின் பெயர் தெரியாது. அவருக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்காத நாளில்லை. உன் பச்சைச் சதுரமும் எனக்கு அந்தக் கட்டையைப் போன்றதுதான்.

இயந்திரத்திடம் ஒரு படிவம் கேட்டால் கொடுக்கும். அழகாகக் கொடுக்கும், பிழையில்லாமல் கொடுக்கும். காரணப் பெட்டியையும் மறக்காமல் போட்டுக் கொடுக்கும், ஏனென்றால் உலகத்துப் படிவங்களிலெல்லாம் அது இருக்கிறது. அந்தப் பெட்டியை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றுவதற்கு, நம் குசினி வாசலில் ஆறிப்போன தேத்தண்ணியோடு நின்று அந்த விண்ணப்பத்தைப் பார்த்திருக்க வேண்டும். உனக்குக் கற்பனை வந்தது அங்கேயிருந்துதான். ஒருநாள் இயந்திரத்துக்கும் அது வருமா என்று எனக்குத் தெரியாது. நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன், வருங்காலத்தைச் சொல்லத் தெரியாது. ஆனால் நீ செய்த அந்த வேலையில் எத்தனை பங்கு தட்டச்சு, எத்தனை பங்கு பார்வை என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிட வேலை எது, ஒன்பது நாள் வேலை எது என்பதை நான் பக்கத்தில் இருந்து கண்டவன். ஐந்து நிமிட வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளட்டும். அந்த ஒன்பது நாளையும் நீ ஏன் கொடுத்துவிட்டு வருகிறாய்?

கடைக்கு வராதே என்று நான் சொல்லவில்லை. ஆணியும் பெயின்டும் விற்பது மரியாதையான வேலை. நீ பக்கத்தில் இருந்தால் எனக்கும் உம்மாவுக்கும் அதைவிட வேறு சந்தோஷம் இல்லை. உம்மா இப்போதே உனக்கு எந்த நாளில் என்ன மீன் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள். கடை பிடித்திருந்தால் வா, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உன் வேலையில் நீ இல்லை என்று நம்பிக்கொண்டு வராதே. அது நான் சொன்ன பொய், அதைச் சுமந்துகொண்டு நீ இந்தப் படியேறக் கூடாது. அல்லாஹ் உன் கண்ணுக்கும் கைக்கும் பரக்கத் செய்யட்டும்.

மச்சானுக்குப் பதில் சொல்ல முன் எனக்காக ஒன்று செய். வருகிற சனிக்கிழமை கம்ப்யூட்டரை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு கொப்பியும் பேனையும் மட்டும் எடுத்துக்கொண்டு, கிளினிக் நம்பருக்காக ஆட்கள் காத்திருக்கும் ஓர் இடத்தில் ஒரு மணித்தியாலம் போய் உட்கார். நம்பர் எடுக்கும்போது யாராவது ஒருவருடைய கை எந்த இடத்தில் தயங்கி நிற்கிறது என்று பார். பிறகு அந்த ஒருவருக்காக மட்டும் ஒரே ஒரு சதுரத்தைப் பேனையால் கீறி எனக்கு அனுப்பு.

உன் வாப்பா